"வேற ஒருத்தனா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பான்"

போன கிழமை மாத்தளையில ஒரு கல்யாண வீடு. பந்தியில எங்களுக்கு எதிர்ல ஒரு சொந்தக்கார அம்மா. என் மனைவியைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. (முடி இப்ப காது வரைக்கும் வளர்ந்திருக்கு. முந்தி நேரா, நீளமா இருந்த முடி இப்ப சுருட்டை சுருட்டையா வருது. கீமோ முடிஞ்சு வர்ற முடி பல பேருக்கு அப்படித்தானாம்.) பாத்துட்டு, அவகிட்ட ஒரு வார்த்தை பேசாம, என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க:

"தம்பி, நீங்க தெய்வம். வேற ஒருத்தனா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பான்."

அவ பக்கத்துலயே இருக்கா. காது நல்லாத்தான் கேக்குது.

எனக்கு வாயில வச்ச சோறு இறங்கல. அவதான் சிரிச்சுக்கிட்டே, "ஊசி எல்லாம் எனக்குத்தான் போட்டாங்க அத்தை, இவருக்கு இல்ல"ன்னா. பந்தியில எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அம்மாவும் சிரிச்சாங்க. கெட்ட மனசு இல்ல அவங்களுக்கு, அது எனக்குத் தெரியும்.

ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கல. அதனால இந்தப் பதிவு. நீளமா வரும். தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க.

முதல்ல அந்த அம்மா சொன்னது உண்மையான்னு தேடிப் பாத்தேன். நிஜமாவே ஆம்பளைங்க விட்டுட்டுப் போறாங்களா?

2009ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. மூளைக் கட்டி, வேற புற்றுநோய், நரம்பு நோய்ன்னு பெரிய வருத்தம் வந்த 515 பேரைத் தொடர்ந்து பாத்திருக்காங்க. நோயாளி மனைவியா இருந்தா பிரிஞ்சு போனது 20.8 வீதம். நோயாளி புருஷனா இருந்தா 2.9 வீதம். வாசிச்சுட்டு அப்படியே போனைக் கவுத்து வச்சிட்டேன். அஞ்சு பொம்பளைங்கள்ல ஒருத்தி!

பிறகு இன்னொண்ணு கிடைச்சுது. 2007ல டென்மார்க்ல நாடு முழுக்க உள்ள பதிவேடுகளை வச்சுப் பாத்தது. அங்க மார்புப் புற்றுநோய் வந்தவங்க மத்தவங்களை விடக் கூடுதலா விவாகரத்து ஆகல. கருப்பை வாய்ப் புற்றுநோய்ல மட்டும்தான் வித்தியாசம் தெரிஞ்சிருக்கு.

அதனால "ஆம்பளைன்னா விட்டுட்டுப் போவான்"ங்கிறது விதி ஒண்ணும் இல்ல. நின்னவங்க நிறையப் பேர் இருக்காங்க. எங்க கண்டியிலயே இருக்காங்க, கிளினிக் வாங்குல பக்கத்துல உட்கார்ந்து பாத்திருக்கேன். காலையில அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்து நம்பர் எடுத்து வச்சிட்டு, பொண்டாட்டியைப் பிறகு வரச் சொல்ற புருஷன்மார். ஃபிளாஸ்க்ல கஞ்சி கொண்டு வர்றவங்க. அவங்களை யாரும் தெய்வம்ன்னு சொல்றதில்ல, அவங்களும் எதிர்பாக்கிறதில்ல.

என்னைத் தெய்வமாக்கினா அவ யாரு? நான் தூக்கிச் சுமந்த பாரமா? இதுதான் எனக்கு ஆத்திரம். அந்த ஒரு வருஷமும் மார்புப் புற்றுநோயோட இருந்தது அவ. முடிவெல்லாம் எடுத்தது அவ. நான் கூட நடந்தவன். கூட நடக்கிறதுக்கும் கொஞ்சம் பழக வேண்டியிருந்துச்சு, அதைத்தான் எழுதப் போறேன்.

(பேர் எழுத வேணாம்ன்னு சொல்லிட்டா. எந்த வாட்டு, எந்த டொக்டர்ன்னும் எழுதல. மத்தது எல்லாம் எழுதச் சம்மதம் வாங்கிட்டேன்.)

குளிக்கிறப்ப மார்புல அவ கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. பட்டாணி அளவு. நோவே இல்ல. நோவு இல்லாததுனால "பால் கட்டியா இருக்கும்"ன்னு மாமி சொன்னாங்க (மாமி கலஹாவுல, தோட்டத்துல). நோகாத கட்டியைத்தான் முதல்ல காட்டணும்ன்னு எங்க பகுதி மிட்வைஃப் அக்கா சொன்னாங்க. அவங்க சொன்னதுனாலதான் அந்தக் கிழமையே போனோம்.

அதுக்குப் பிறகு ஸ்கேன், மெமோகிராம், அப்புறம் ஊசியால சதைத் துண்டு எடுத்து அனுப்பினாங்க. அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இருந்த நாளுங்கதான் எல்லாத்துலயும் மோசம். ஒபரேஷனை விட, கீமோவை விட. என்ன எதிரின்னு தெரியாம சண்டைக்கு நிக்கிற மாதிரி.

புற்றுநோய்தான்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு என் பக்கத்து உறவு ஒருத்தர் போன்ல சொன்னார், "அவகிட்ட இப்ப சொல்லிடாத. சின்னக் கட்டி, எடுத்தா சரின்னு மட்டும் சொல்லு."

நம்ம ஆளுங்க வீட்டுக்கு வீடு செய்றது இதுதான். ரிப்போர்ட் இங்கிலிஷ்ல இருக்கும். டொக்டர் சிங்களத்துல விளங்கப்படுத்துவார். நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்ன்னா, நடுவுல நிக்கிற மகனோ புருஷனோ தனக்குச் சரின்னு பட்டதை மட்டும் சொல்லிட்டு மத்ததை முழுங்கிடுவான். சட்டப்படி 1987ல இருந்து தமிழும் இந்த நாட்டுல அரசகரும மொழி. ஆனா கிளினிக் மேசைக்கு முன்னாடி உட்கார்றப்ப உங்களுக்குக் கிடைக்கிறது அன்னைக்கு அங்க இருக்கிறவங்களைப் பொறுத்தது.

என் மனைவிக்குச் சிங்களம் கடைக்குப் போய் சாமான் வாங்கிற அளவுக்குத்தான். எனக்கு நல்லா வரும் (ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறவன், நாள் முழுக்கச் சிங்களம்தான்). அதனால நான்தான் வாய். டொக்டர் ஒரு வசனம் சொல்லுவார், நான் நிறுத்தச் சொல்லுவேன், தமிழ்ல அவளுக்குச் சொல்லுவேன், அவ கேள்வி கேப்பா, நான் திருப்பிக் கேப்பேன். டொக்டருக்கும் பொறுமை இருந்துச்சு. வெளியில இருபது முப்பது பேர் நின்னாலும் அவர் அவசரப்படுத்தல.

முதல் நாளே அவ ஒரு நிபந்தனை போட்டா.

"அவர் சொல்ற எல்லாத்தையும் எனக்குச் சொல்லுங்க. சர்க்கரை தடவாதீங்க. உங்க முகத்தைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

அதை நான் மீறல. கஷ்டமா இருந்துச்சு. அக்குள்ல நெறி கட்டியிருக்கு, ஒரு நெறியில நோய் போயிருக்குன்னு டொக்டர் சொன்னப்ப அதைத் தமிழ்ல சொல்ல நாக்கு எழும்பல. சொன்னேன். அவ தலையாட்டிட்டு, "சரி, அடுத்தது என்னன்னு கேளுங்க"ன்னா.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நடுவுல நின்னு வடிகட்டாதீங்க. அது அவங்க உடம்பு. உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரியணும். தெரியாம வச்சா அவங்க தனியாப் பயப்படுவாங்க, நீங்க தனியாப் பயப்படுவீங்க, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நடிக்கணும்.

ஒரு ஒற்றை ரூல் கொப்பி வாங்கினோம். அதுதான் நாங்க செஞ்ச நல்ல காரியம். கேக்க வேண்டிய கேள்வியை அவ முதல் நாள் ராத்திரி எழுதி வப்பா. பதிலை நான் எழுதுவேன். மருந்துப் பேர், ரத்தப் பரிசோதனை நம்பர், அடுத்த தவணை, எல்லாம் அதுல. ஆஸ்பத்திரியில குடுக்கிற கிளினிக் கொப்பி வேற. அது அவங்க மொழியில இருக்கும், இது எங்க மொழியில.

அப்புறம் ஒபரேஷன்.

இதுல சொந்தக்காரங்க எல்லாரும் டொக்டராகிட்டாங்க. "முழுசா எடுத்திருங்க, அப்பத்தான் திரும்ப வராது"ன்னு ஒரு கட்சி. "கத்தி வச்சா பரவிரும்"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டும் பொய். கத்தி வச்சா பரவும்ங்கிறதுக்கு எந்த அடிப்படையும் இல்ல. முழுசா எடுத்தாத்தான்ங்கிறதும் பழைய கதை. ஒரு காலத்துல டொக்டர்மாரே அதைத்தான் நம்பினாங்க. 1880கள்ல ஹால்ஸ்டெட்ன்னு அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஒருத்தர் மார்பு, அதுக்குக் கீழ உள்ள தசை, அக்குள் நெறி எல்லாத்தையும் சேத்து வெட்டி எடுக்கிற முறையைக் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் பொம்பளைங்க அதை அனுபவிச்சாங்க. பிறகு பேர்னாட் ஃபிஷர்ன்னு ஒருத்தர் வந்து, "சரிதானான்னு ஒழுங்கா பரிசோதிச்சுப் பாப்போம்"ன்னு 1970கள்ல ஆராய்ச்சி தொடங்கினார். பொருத்தமான ஆளுக்குக் கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கதிர் குடுத்தாலும் உயிர் வாழுற அளவு ஒண்ணுதான்னு காட்டினார். 1985ல அந்த முடிவு வந்துச்சு, இருபது வருஷம் தொடர்ந்து பாத்து 2002ல திரும்பவும் அதே முடிவு.

இதை டொக்டர் சுருக்கமா சொன்னார், நான் வீட்டுல வந்து வாசிச்சுச் சொன்னேன். அவளுக்கு ரெண்டு இடத்துல, தூரத் தூரமா கட்டி இருந்ததுனால கடைசியில முழுசா எடுக்க வேண்டி வந்துச்சு. ஆனா ஏன்னு அவளுக்கு விளங்கிச்சு. விளங்கித்தான் கையெழுத்துப் போட்டா. சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு போடல.

ஒபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப விலாப் பக்கத்துல இருந்து ஒரு மெல்லிசான குழாய், அது நுனியில ஒரு போத்தல். உள்ள ஊறுற தண்ணி அதுல வடியும். முதல்ல நல்ல சிவப்பு, பிறகு வெளுத்து, பிறகு வைக்கோல் நிறம். காலையில அளந்து எழுதணும். ஒரு நாளைக்கு 30 மில்லிலீட்டருக்குக் கீழ வந்தாப் பிறகுதான் எங்களுக்குக் குழாயை எடுத்தாங்க. போத்தலைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்க முடியாதே, அவ தங்கச்சி பழைய பருத்திச் சேலையில தோள்ல மாட்டுற பை ஒண்ணு தைச்சுக் குடுத்தா. அளக்கிற வேலை எனக்கு. எங்க மகளுக்கும் அதுல ஒரு பங்கு, எண்ணிக்கையைக் கொப்பியில எழுதுறது அவதான்.

மகளைப் பத்திச் சொல்லணும். அவளுக்கு ஸ்கொலர்ஷிப் பரீட்சை வருஷம். அவகிட்ட என்ன சொல்றதுன்னு ரெண்டு பேரும் பேசி, உள்ளதைச் சொல்றதுன்னு முடிவெடுத்தோம். சொல்லி முடிச்ச பிறகு அவ கேட்டது ரெண்டே கேள்வி. "ஒட்டுமா?" "அம்மா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாவா?" ஒட்டாது. நான் கூட்டிட்டுப் போவேன். அவ்வளவுதான், போய் விளையாடத் தொடங்கிட்டா. பிள்ளைங்க நம்மளை விடத் தைரியம்.

கைப் பயிற்சி முக்கியம். அக்குள்ல நெறி எடுத்தா அந்தக் கை இறுகிரும், தோளுக்கு மேல தூக்க ஏலாமப் போயிரும். சுவரைப் பாத்து நின்னு, விரலால நடந்து நடந்து மேல ஏத்தணும். குசினிச் சுவர்ல பென்சிலால கோடு போட்டு வச்சோம். என் மனைவி வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. "போதும்"ன்னு நான் சொன்னா கோவம் வரும். "இன்னும் கொஞ்சம்"ன்னு சொன்னா அதை விடக் கோவம் வரும். பேசாம பென்சிலோட நிக்கிறதுதான் சரின்னு பழகிட்டேன்.

தழும்பைப் பத்தி எழுதலாமான்னு அவகிட்டக் கேட்டேன். எழுதுங்க, அதை யாரும் எழுதுறதில்லன்னா.

கட்டு மாத்துறப்ப நான் வெளியில நிப்பேன். அவ கேட்ட மாதிரி. தானாக் காட்டணும்ன்னு அவளுக்குத் தோணுற வரைக்கும் நான் கேக்கல. ஒரு நாள் ராத்திரி லைட்டைப் போட்டு, "பாருங்க"ன்னா. பாத்தேன். நெஞ்சுக்கூட்டுக்குக் குறுக்க ஒரு நீளக் கோடு, தையல் புள்ளி ரெண்டு பக்கமும். அவ என் கண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, தழும்பை இல்ல. நான் கையை வச்சேன். "மரத்துப் போயிருக்கு, தெரியல"ன்னா. "இங்க?" "தெரியல." "இங்க?" "கொஞ்சம் தெரியுது." அப்படியே தேடிக்கிட்டு இருந்தோம். புருஷன்மார் கண்ணைத் திருப்பிக்கிறது அவங்களுக்குக் கத்தியை விட வலிக்கும்ன்னு நான் நினைக்கிறேன். திருப்பாதீங்க.

கீமோ.

கண்டி தேசிய வைத்தியசாலை கொழும்புக்கு அடுத்தபடி நாட்டுலயே பெரிய ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரியில இந்த மருந்துக்கெல்லாம் காசு இல்ல, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். நுவரெலியா, மாத்தளைப் பக்கம் இருந்தெல்லாம் கண்டிக்கு வர்றாங்க. இலங்கையில பொம்பளைங்களுக்கு வர்ற புற்றுநோய்ல முதலிடம் மார்புப் புற்றுநோய்தான், நாலுல ஒண்ணு கிட்ட. உலகத்துல 2022ல மட்டும் 23 லட்சம் பேருக்கு வந்திருக்கு. அதனால வாங்கு எப்பவும் நிரம்பித்தான் இருக்கும். தோட்டத்துல இருந்து வர்ற அக்காமாருக்குக் கிளினிக் வந்தா அன்னைக்குப் பேரு இல்ல. சம்பளத்தை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, குட்ஷெட்ல இறங்கி நடந்து வருவாங்க. அதுல ஒரு அக்கா தனியாவே வருவாங்க. புருஷன் எங்கன்னு நாங்க கேக்கல, அவங்களும் சொல்லல.

2022 மார்ச் கடைசியில மருந்து இல்லாமப் பேராதனை போதனா வைத்தியசாலையில திட்டமிட்ட ஒபரேஷன் எல்லாத்தையும் நிறுத்தி, அவசரத்துக்கு மட்டும் செஞ்சாங்களே, ஞாபகம் இருக்கா? நாங்க அந்தக் காலத்துல மாட்டல. மாட்டினவங்களை அந்த வாங்குல சந்திச்சிருக்கேன். அவங்க கதை கேட்டா எங்களுது ஒண்ணுமே இல்ல.

முதல் நாலு தவணை சிவப்பு மருந்து. டொக்ஸோரூபிசின்ன்னு பேர். சர்பத் மாதிரி இருக்கும், ஊசியில ஏறுறப்ப பாத்தாலே ஒரு மாதிரி. (இதயத்தைப் பாதிக்கலாம்ங்கிறதுனால முதல்லயே எக்கோ எடுத்துருவாங்க.) அன்னைக்கும் அடுத்த நாளும் சிறுநீர் சிவப்பாப் போகும். இதை ஒரு நர்ஸ் மிஸ் முதல்லயே சிங்களத்துல சொல்லி வச்சாங்க, "பய வென்ன எபா" (பயப்படாதீங்க)ன்னு. சொல்லாம விட்டிருந்தா ரத்தம்ன்னு நினைச்சு அலறியிருப்போம்.

வீட்டுல ஒரு தெர்மோமீட்டர் கட்டாயம் வாங்கி வைங்க. இதைப் பெரிய எழுத்துல எழுதணும் போல இருக்கு. கீமோ ஏத்தி ஒரு கிழமை, ரெண்டு கிழமைக்குள்ள வெள்ளை அணு கீழ இறங்கும். அந்த நேரம் காய்ச்சல் 38 செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். விடியட்டும்ன்னு இருக்கக் கூடாது. ரெண்டு பனடோல் போட்டுப் பாப்போம்ன்னும் இருக்கக் கூடாது, பனடோல் காய்ச்சலை மறைச்சிரும், உள்ள கிருமி வளரும். கொத்தமல்லித் தண்ணியும் அப்புறம்தான்.

எங்களுக்கு அது ஒரு தடவை வந்துச்சு. மழை ராத்திரி, த்ரீவீல்காரர் போன் எடுக்கல. 1990க்கு எடுத்தேன். சுவசெரிய அம்புலன்ஸ், காசே இல்ல. (2016ல இந்திய உதவியோட மேல், தென் மாகாணத்துல தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது.) வந்த தம்பிமார் ரெண்டு பேரும் அவளை ஏதோ சொந்த அக்காவைத் தூக்குற மாதிரித் தூக்கினாங்க. உடனே மருந்து ஏத்தினதுனால தப்பிச்சா. அந்த ரெண்டு தம்பிகளைப் பத்தி யாரும் பந்தியில பேசுறதில்ல.

சாப்பாட்டு விஷயம். வாய் முழுக்கப் புண். எல்லாம் இரும்பு ருசிங்கிறா. கரண்டியை மாத்திப் பாத்தோம், எவர்சில்வருக்குப் பதிலா மரக் கரண்டி, கொஞ்சம் பரவாயில்ல. அப்பச்சோடாவும் உப்பும் வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னாங்க, அது நல்லா உதவிச்சு. கருவாடு பொரிக்கிற வாசம் மூணாவது வீட்டுல இருந்து வந்தாலும் அவளுக்குக் குமட்டும். இறங்கினது பருப்புக் கஞ்சி, அவிச்ச முட்டை, ஐஸ் பழம். ஐஸ் பழத்துக்கு மாமி ஏசினாங்க, தடிமன் பிடிக்கும்ன்னு. வாய்ப் புண்ணுக்கு அதுதான் இதம்ன்னு சொல்லி நான் வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்.

வர்ற ஆளுங்க எல்லாம் ஒரு மருந்தோட வருவாங்க. கட்டு அனோதா இலைக் கஷாயம், வெனிவெல், இந்தியாவுல இருந்து வந்த ஒரு தூள். அன்பாலதான் கொண்டு வாறாங்க. ஆனா கீமோ ஓடுறப்ப எங்களுக்குத் தெரியாத எதையும் குடிக்க வேணாம்ன்னு டொக்டர் தெளிவாச் சொல்லிட்டார், ஈரலுக்கு ரெட்டை வேலையாகிரும். அவ "வேணாம்"ன்னு சொன்னா மனசு நோகும், சண்டை வரும். அதனால வாசல்லயே நான் வாங்கிக்குவேன். "டொக்டர் சொன்னதுக்குப் பிறகு குடுக்கிறேன்"ன்னு சொல்லி, உள்ள வைப்பேன். அதே மாதிரி தடிமன், இருமலோட வர்றவங்களையும் வாசல்லயே திருப்பி அனுப்பினேன். கெட்ட பேர் வந்துச்சு. வரட்டும். இந்த வேலையைப் புருஷன்தான் செய்யணும், நோயாளி தலையில கட்டக் கூடாது.

முடி கொட்டத் தொடங்கினது முதல் தவணை முடிஞ்சு ரெண்டு மூணு கிழமையில. தலையணை பூரா முடி. தங்கச்சி வந்து முழுசா எடுத்து விட்டா. சினிமாவுல மாதிரி நானும் மொட்டை அடிச்சிக்கட்டான்னு கேட்டேன். "வேணாம், வீட்டுல ஒருத்தருக்காவது சீப்பு தேவைப்படட்டும்"ன்னா.

தலையைச் சுத்தி ஒரு பருத்தித் துணி கட்டிக்குவா. ஒரு நாள் கட்டுகஸ்தோட்டை பஸ்ல பக்கத்து சீட் அம்மா ஸலாம் சொல்லியிருக்காங்க. இவளும் பதில் சொல்லிட்டு, பிறகு விஷயத்தைச் சொல்லியிருக்கா. அந்த அம்மா தன் பையில இருந்து ஊசி எடுத்து, துணி நழுவாம எப்படிக் குத்துறதுன்னு பஸ்லயே காட்டிக் குடுத்துட்டாங்க. இப்ப பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு வட்டலப்பம் வரும்.

அடுத்த மருந்து பக்லிடாக்ஸெல். இதுல வாந்தி குறைவு, ஆனா விரல் நுனி மரத்துப் போயிரும். கண்டக்டர் குடுக்கிற சில்லறை கையில நிக்காது. பிளவுஸ் ஊக்கு மாட்ட முடியாது. காலையில ஊக்கு மாட்டி விடுறது என் வேலை ஆச்சு, மகளுக்குப் பின்னல் போடுறதும். (பின்னல் கோணலாத்தான் வரும். மகள் பாவம், அப்படியே போனா.) இந்த மருந்துக்கு முன்னாடி குடுக்கிற டெக்ஸமெதசோன்னால அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. நடுராத்திரியில எழும்பி அலுமாரி எல்லாம் அடுக்குவா. நானும் எழும்பி உடுப்பு மடிப்பேன். அந்த ராத்திரிகள்ல நாங்க பேசின அளவு கல்யாணமான புதுசுல கூடப் பேசல.

அப்படி ஒரு ராத்திரிதான் கேட்டா, "நான் செத்துட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"அப்படியெல்லாம் பேசாத"ன்னு சொல்றதுதான் நம்ம வழக்கம். அந்த வசனம் கதவைச் சாத்துற வசனம். நான் அதைச் சொல்லல. மகளை யார் பாத்துக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம், அவ நகை யாருக்கு, எல்லாம் பேசினோம். அழுதோம். பேசி முடிச்ச பிறகு அவ நல்லாத் தூங்கினா. அமெரிக்காவுல மார்க் சில்வர்ன்னு ஒருத்தர், அவர் மனைவிக்கு இதே வருத்தம் வந்த பிறகு, புருஷன்மாருக்குன்னே 2004ல ஒரு புத்தகம் எழுதியிருக்கார். அவரும் வற்புறுத்துறது இதைத்தான்: தீர்வு சொல்ல ஓடாம, காது குடு.

என்னை யாராவது கேட்டாங்களான்னா, ஒருத்தர் கேட்டார். கடை முதலாளி. சிங்கள ஆள். கிளினிக் நாளெல்லாம் லீவு குடுத்துட்டு, ஒரு நாள் பின்னால ஸ்டோருக்குக் கூப்பிட்டு, "நீ சாப்பிடுறியா, தூங்குறியா?"ன்னு கேட்டார். நான் அங்கயே அழுதுட்டேன், சீமெந்து மூட்டைக்கு நடுவுல. பெரஹர நேரம் ரோடு எல்லாம் மூடுவாங்க இல்லையா, அன்னைக்கு அவர்தான் விடியக் காலையில தன் வேன்ல கொண்டு போய் விட்டார். ஆம்பளைங்களே, உங்க கூட்டாளி வீட்டுல இப்படி ஒரு வருத்தம்ன்னா அவனையும் கேளுங்க. "பொம்பளை விஷயம்"ன்னு ஒதுங்காதீங்க. (ஆம்பளைக்கும் மார்புப் புற்றுநோய் வரும். நூத்துல ஒண்ணு அளவுக்கு. அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.)

இப்ப அவளுக்கு ஊசி இல்ல. தமொக்சிபென் குளிசை, தினமும், அஞ்சு வருஷம், தேவைன்னா அதுக்கு மேலயும். கண்டி ஜனவரிக் குளிர்ல நாங்க போர்வைக்குள்ள சுருளுறப்ப அவ மட்டும் வேர்த்து, ஜன்னலைத் திறப்பா. நான் மங்கி கேப் போட்டுக்கிட்டுத் தூங்குறேன்.

35 வயசான பொம்பளைங்க யாராவது இதை வாசிக்கிறீங்கன்னா, உங்க பகுதி எம்.ஓ.எச். ஆபீஸ்ல சுவநாரி கிளினிக் எந்த நாள்ன்னு மிட்வைஃப்கிட்டக் கேளுங்க. மார்பு, கருப்பை வாய், பிரஷர், சீனி எல்லாம் பாப்பாங்க, காசில்ல. புருஷன்மார் வாசிக்கிறீங்கன்னா, அன்னைக்குப் பிள்ளையை வச்சுக்கிட்டு அவங்களை அனுப்புங்க.

இதைப் போடுறதுக்கு முன்னாடி அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். "பிரா விஷயத்தை விட்டுட்டீங்க, அதைத்தான் பொம்பளைங்க என்கிட்டக் கேக்கிறாங்க"ன்னா. அதனால அவ சொல்லச் சொல்ல எழுதுறேன்: கடையில சிலிக்கன்ல கிடைக்கும், விலை கூட. அவ பழைய பருத்தி பிராவுக்கு உள்பக்கம் ஒரு பை தைச்சு, பஞ்சு வச்சா. பஞ்சு மட்டும் வச்சா லேசா இருந்து மேல மேல ஏறுது. அதனால நடுவுல கொஞ்சம் பாரம் வேணும், சின்ன மணி போட்டுத் தைச்ச ஒரு பொட்டலம் உள்ள வச்சா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமமா நிக்குது. துவைக்கிறப்ப பொட்டலத்தை வெளிய எடுத்துரணும். தழும்பு முழுசா ஆறுற வரைக்கும் வெறும் பஞ்சுதான், பாரம் வேணாம். அளவு எடுக்கிற விதம் தெரியணும்ன்னா எழுதிக் கேளுங்க, அவளே பதில் போடுறாளாம்.